பெற்றோரும் பிழைத்தார்கள், ஆனாலும் குடும்பம் திரும்பவில்லை: ஸ்டெஃபனி ஷெர்லி பற்றி ஓர் இழை

#1 தாமிரபரணி

2025 ஆகஸ்டில் ஸ்டெஃபனி ஷெர்லி தம் 91ஆம் வயதில் காலமானார். அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றைப் படித்தேன். ஐந்து வயதில் அகதியாக வந்த யூதச் சிறுமி மென்பொருள் நிறுவனம் தொடங்கினார், பெரும் பணம் ஈட்டினார், அதில் சுமார் 7 கோடி பவுண்டை வாரிக் கொடுத்தார். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியது. ஆனால் நடுவில் ஒரு விஷயத்தை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அதைப் பேசத்தான் இந்த இழை.

அவர் பிறந்தது 1933இல், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில். அப்போது பெயர் வேரா புக்தால். அப்பா யூதர், நீதிபதி. அம்மா வியன்னாக்காரர், யூதர் அல்லர். அதே 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அப்பாவின் பதவி பறிபோனது. குடும்பம் அலைந்து திரிந்து வியன்னாவில் வந்து தங்கியது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை அங்கும் வந்துவிட்டது. 1939 ஜூலையில் ஐந்து வயது வேராவையும் ஒன்பது வயது அக்கா ரெனாட்டையும் பெற்றோர் ரயிலேற்றி அனுப்பினார்கள். நாஜிகளின் பிடியிலிருந்த குழந்தைகளை, பெரும்பாலும் யூதர்களை, பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்குக் கொண்டுபோன 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' என்ற மீட்பு ஏற்பாட்டின் ரயில் அது. இரண்டரை நாள் பயணம். இங்கிலாந்தில் சட்டன் கோல்ட்ஃபீல்டில் இருந்த ஒரு தம்பதி, கை ஸ்மித்தும் ரூபி ஸ்மித்தும், இருவரையும் எடுத்து வளர்த்தார்கள். அவர்களை மாமா, அத்தை என்றுதான் அழைத்தார்.

இப்படி வந்த குழந்தைகளில் மிகப் பலர் தாய் தந்தையை மறுபடி பார்க்கவே இல்லை. வேராவுக்கு அப்படி நேரவில்லை. தாய் தந்தை இருவரும் பிழைத்தார்கள், பின்னால் சந்திக்கவும் செய்தார்கள். ஆனால் அவர்களோடு தமக்கு ஒட்டுதல் உண்டாகவே இல்லை என்று ஷெர்லியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். பெற்றோர் கொல்லப்பட்ட பிள்ளையின் துயரம் நமக்கு உடனே புரிகிறது. பெற்றோர் திரும்பி வந்தும் மகளுக்கு அவர்கள் அந்நியராகவே நின்றார்கள் என்றால், அந்த ரயில் எதைக் காப்பாற்றியது, எதை விட்டுவிட்டது? குழந்தைகளுக்கு மட்டும் கதவைத் திறந்து பெற்றோரை வெளியே நிறுத்திய முடிவைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

#2 மல்லிகா_திருச்சி

இரண்டு பிள்ளைகளின் அம்மாவாகக் கேட்கிறேன். ஐந்து வயதுக் குழந்தையை முன்பின் தெரியாத நாட்டுக்கு, பாஷை தெரியாத வீட்டுக்கு எப்படி அனுப்ப முடிந்தது? யார் ஏற்பாடு செய்தார்கள்? கூட ஒருவரும் போகவில்லையா?

#3 பழையபேட்டை_ராமன்

மல்லிகா அம்மா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு என் பல வருட ஆர்வம்.

1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுவதும் யூதர்களின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை நொறுக்கினார்கள். சுமார் 30,000 ஆண்களைப் பிடித்து வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை "இதுவும் கடந்துபோகும்" என்று இருந்த பெற்றோருக்குக்கூட அந்த இரவில் நம்பிக்கை போய்விட்டது. எப்படி அனுப்ப முடிந்தது என்றால் இதுதான் பதில்.

சில நாட்களிலேயே பிரிட்டனின் யூதத் தலைவர்கள் பிரதமர் சேம்பர்லினைச் சந்தித்தார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் தீவிரமாக முயன்றார்கள். நவம்பர் 21 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 17 வயதுக்கு உட்பட்டவர்கள் வரலாம், அரசு பணம் தராது, நல அமைப்புகள்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று முடிவானது. ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுண்டு ஜாமீன் கட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. அது எதற்கு என்றால், நிலைமை சீரானதும் குழந்தையைத் திருப்பி அனுப்பும் செலவுக்கு! தற்காலிகமாகத் தங்கத்தான் அனுமதி, அதுதான் அன்றைய எண்ணம்.

முதல் கூட்டம் டிசம்பர் 2 அன்று ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. சுமார் 200 பேர். பலர் பெர்லினில் எரிக்கப்பட்ட ஓர் அனாதை இல்லத்துப் பிள்ளைகள்.

வியன்னா கதை தனி. டச்சுப் பெண்மணி கெர்த்ரூதா வைஸ்முல்லர் நேரே போய் ஐக்மனைச் சந்தித்துப் பேசினார். ஆமாம், பின்னாளில் லட்சக்கணக்கானவர்களைக் கொலைமுகாமுக்கு ரயிலேற்றிய அதே அடால்ஃப் ஐக்மன்தான். 600 குழந்தைகளைச் சில நாட்களுக்குள் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போகலாம் என்றான், முடியாது என்ற நினைப்பில். அந்த அம்மாள் செய்து காட்டினார். டிசம்பர் 10 அன்று 600 பேரும் கிளம்பினார்கள்.

ரயிலில் சில பெரியவர்கள் துணைக்குப் போனார்கள், ஆனால் அவர்கள் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த ரயிலுக்கு அனுமதி கிடைக்காது. யோசித்துப் பாருங்கள், இங்கிலாந்து மண்ணில் கால் வைத்துவிட்டு மறுபடி நாஜி நாட்டுக்குத் திரும்பியவர்கள் அவர்கள்.

குழந்தைக்கு ஒரு சின்னப் பெட்டி, கையில் 10 மார்க், கழுத்தில் எண் எழுதிய அட்டை. நகை, விலையுள்ள பொருள் எதுவும் கூடாது. சில ஊர்களில் பெற்றோரை நடைமேடைக்கே விடவில்லை, காத்திருப்புக் கூடத்திலேயே விடைகொடுக்கச் சொன்னார்கள். ஹாலந்து வழியாகக் கப்பலேறி ஹார்விச், அங்கிருந்து லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையம். 1939 செப்டம்பரில் போர் தொடங்கும்வரை ரயில்கள் ஓடின. ஹாலந்திலிருந்து கடைசிக் கப்பல் 1940 மே 14 அன்று கிளம்பியது. மொத்தம் சுமார் 10,000 பேர்.

#4 குறிஞ்சிப்பூ

நிக்கலஸ் விண்டன்தானே இந்த 10,000 பேரையும் காப்பாற்றியவர்? அவரைப் பற்றிய காணொலி வாட்ஸப்பில் அடிக்கடி வரும்.

#5 பழையபேட்டை_ராமன்

இல்லை, விண்டனின் வேலை செக்கோஸ்லோவாக்கியாவில். அங்கிருந்து வந்தவர்கள் 669 பேர். அதிலும் பிராகில் இருந்து களப்பணி செய்த டோரீன் வாரினர், டிரெவர் சாட்விக் இருவரின் பங்கு பெரிது. வாட்ஸப்பில் அவர்கள் பெயர் வருவதே இல்லை, அது எனக்கு வருத்தம். 1939 செப்டம்பர் 1 அன்று 250 குழந்தைகளோடு கிளம்ப இருந்த ரயில் போர் தொடங்கியதால் கிளம்பவே இல்லை.

#6 கோட்_எழுதுபவள்

ஐடி துறையில் இருப்பவள் என்பதால் எனக்கு ஷெர்லி வேறு காரணத்துக்காக நெருக்கம்.

பள்ளியில் அவருக்குக் கணக்கு உயிர். பெண்கள் பள்ளியில் அந்த அளவுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் இல்லை, அதனால் பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படிக்க அனுமதி வாங்கினார். பிறகு லண்டன் டாலிஸ் ஹில்லில் அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு வருடம் படித்துக் கணிதப் பட்டம் வாங்கினார்.

பெண் என்பதால் மேலே போக முடியவில்லை. 1962இல் வெறும் 6 பவுண்டு முதலில் சொந்த நிறுவனம் தொடங்கினார். குழந்தை பெற்ற பிறகு வேலையை விட்ட பெண் புரோகிராமர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. கொரோனாவுக்கு அறுபது வருடம் முன்னால்! ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டுக் கடிதம் போட்டால் பதிலே வராது, 'ஸ்டீவ்' என்று போட்டதும் பதில் வரத் தொடங்கியது. தொலைபேசியில் பேசும்போது பிள்ளையின் சத்தம் எதிர்முனைக்குக் கேட்கக் கூடாது என்று, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிடுவார். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது அவருடைய 30 பெண்கள், அவரவர் வீட்டிலிருந்து. முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் மூன்றே பேர். 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது பெண்களை மட்டும் எடுக்கும் கொள்கையை அவர் கைவிட வேண்டியிருந்தது.

அந்த நிறுவனம்தான் பின்னால் ஸான்ஸா என்று பெயர் மாறியது. சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. அங்கே வேலை பார்த்த நம்மூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அதன் வேர் வியன்னா ரயிலில் வந்த ஒரு குழந்தை என்று தெரிந்திருக்கும்?

காப்பாற்றப்பட்ட உயிர் என்பதால் அதற்குத் தகுதியாக வாழ வேண்டும் என்று தீர்மானித்தேன் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பிரமிப்பு, ஒரு பக்கம் வலி. எந்தக் குழந்தையும் தான் உயிரோடு இருப்பதற்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

#7 தேனி_செல்வம்

தாமிரபரணி, உங்கள் முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. வீடு பற்றி எரியும்போது குழந்தையைத் தூக்கிக் கொடுத்தவனிடம் "ஏன் என்னைத் தூக்கவில்லை" என்று கேட்பதுபோல் இருக்கிறது. அமெரிக்காவில் 1939இல் 20,000 குழந்தைகளை அனுமதிக்க மசோதா கொண்டுவந்தார்கள், அது வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. பிரிட்டன் 10,000 பேரை எடுத்தது. நாஜிகள் கொன்ற யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம். அந்தக் கணக்கில் இந்த 10,000 பேர் உயிரோடு இருந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி பார்த்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

#8 தாமிரபரணி

செல்வம் அண்ணா, 10,000 உயிர் பெரிதுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஸ்மித் தம்பதி போன்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நான் கேட்பது அரசாங்கத்தை.

பெற்றோரை ஏன் விடவில்லை? வேலையில்லாத் திண்டாட்டம், பெரியவர்கள் வந்தால் வேலைக்குப் போட்டி, மக்கள் எதிர்ப்பு. குழந்தைகள் என்றால் பரிதாபம் இருக்கும், போட்டி இருக்காது. நவம்பர் 21 விவாதத்தில் உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர் இந்தப் பிரிவின் கொடுமையைத் தெரிந்தேதான் பேசினார். ஜெர்மனி போய் வந்த ஒருவரிடம் விசாரித்ததாகவும், யூதப் பெற்றோர் ஏறக்குறைய எல்லோருமே பிள்ளையைப் பிரியத் தயாராக இருப்பதாக அவர் சொன்னதாகவும் சபையில் குறிப்பிட்டார். பெற்றோரையும் சேர்த்து விடலாமே என்ற கேள்விக்கு அது எப்படிப் பதிலாகும்? வேறு வழி இல்லாதவர்களிடம் வாங்கிய சம்மதம் அது.

பெரியவர்களுக்கு ஒரு வழி இருந்தது, வீட்டுவேலைக்காரர்களாக வருவது. அப்படிச் சுமார் 20,000 பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பிறகு என்ன ஆயிற்று? அவர்களால் நாடு மூழ்கிவிடவில்லை. மனம் இருந்திருந்தால் இடம் இருந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

போர் வந்ததும் தபால் நின்றது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொல்லுக்குள் செய்தி அனுப்பலாம். 25 சொல்லில் ஓர் அம்மா என்ன எழுதுவாள்? நன்றாக இருக்கிறோம், சமர்த்தாக இரு, சாப்பிடு. 1942 வாக்கில் பலருக்கு அதுவும் நின்றுபோனது. சின்னப் பிள்ளைகள் இதற்குள் ஜெர்மன் மொழியையே மறந்துவிட்டார்கள். போர் முடிந்து உயிரோடு வந்த சில பெற்றோரால் தம் பிள்ளையோடு பேசவே முடியவில்லை. ஷெர்லியின் வீட்டில் நடந்ததை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். அது அவருடைய மனக்குறை மட்டும் அல்ல, அந்த விதி உண்டாக்கிய விளைவு.

#9 அணுக்கரு

வேதியியல் முனைவர் பட்ட மாணவன் நான். தினமும் நான் பயன்படுத்தும் கணக்கீட்டு முறைக்கு அடித்தளம் போட்ட வால்டர் கோன் இதே ரயிலில் வந்தவர்தான். வியன்னாவிலிருந்து 1939 ஆகஸ்டில், 16 வயதில். சஸெக்ஸில் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே "எதிரி நாட்டவர்" என்று பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்துக் கப்பலில் கனடாவுக்கு அனுப்பிவிட்டது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதப் பையன் எதிரியாம்! இப்படிச் சுமார் 1,000 பிள்ளைகள் அடைபட்டார்கள்.

கனடா முகாமில் மரம் வெட்டினால் நாளுக்கு 20 சென்ட் கூலி. அந்தக் காசில் ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு வேதி இயற்பியல் புத்தகமும் வாங்கினார். விடுதலையாகி டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வேதியியல் கட்டடத்துக்குள் போக அனுமதி இல்லை. அங்கே போர் ஆராய்ச்சி நடந்தது, இவரோ எதிரி நாட்டவர். அதனால் கணிதமும் இயற்பியலும் படித்தார். 1998இல் நோபல் பரிசு கிடைத்தது, வேதியியலுக்கு.

அப்பா அம்மா இருவரையும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொன்றுவிட்டார்கள்.

#10 லண்டன்_தமிழச்சி

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வெளியே இந்தக் குழந்தைகளின் வெண்கலச் சிலை இருக்கிறது. பெட்டிகளோடு நிற்கும் ஐந்து பிள்ளைகள். செய்தவர் ஃபிராங்க் மைஸ்லர், அவரும் 1939இல் டான்சிக் நகரிலிருந்து இப்படி வந்தவர். வேலைக்குப் போகும் அவசரத்தில் ஆட்கள் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

பெர்லின் போனபோது ஃபிரீட்ரிக்ஸ்டிராஸ நிலையத்தில் அவர் செய்த இன்னொன்றைப் பார்த்தேன். அங்கே ஏழு பிள்ளைகள். இரண்டு பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்கிறார்கள், அவர்கள் இங்கிலாந்துக்கு. ஐந்து பேர் எதிர்ப்பக்கம், அவர்கள் முகாமுக்கு. லண்டனில் இருப்பது வந்து சேர்ந்தவர்கள் மட்டும். தாமிரபரணி சொல்வதை இந்த இரண்டு சிலைகளையும் பார்த்த எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

#11 மல்லிகா_திருச்சி

ராமன் ஐயா, விளக்கத்துக்கு நன்றி. இரண்டு தடவை படித்தேன். இன்னொன்று கேட்கிறேன். எல்லாக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்களா? உடம்பு சரியில்லாத பிள்ளை, மனவளர்ச்சி குறைந்த பிள்ளை?

#12 நீலவானம்

மல்லிகா அக்கா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். ஷெர்லியை நான் அறிந்ததே அந்த வழியில்தான்.

எல்லோரையும் எடுக்கவில்லை. படத்தைப் பார்த்து, மருத்துவச் சான்று பார்த்துத்தான் தேர்வு. வளர்க்க ஆள் கிடைக்க வேண்டுமே என்று ஆரோக்கியமான, 'சிக்கல் இல்லாத' பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். குறைபாடு உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் தள்ளப்பட்டார்கள்.

வியன்னாவில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன நடந்தது தெரியுமா? 1940இல் ஆம் ஷ்பீகல்கிரண்ட் என்ற சிறுவர் மருத்துவமனை அங்கே திறந்தது. யூதர், யூதர் அல்லாதார் என்ற கணக்கே இல்லை. ஊனம் இருந்தால், மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் எழுதினால், மருந்து கொடுத்துப் பட்டினி போட்டுச் சாகடித்தார்கள். சுமார் 800 பிள்ளைகள். ஆட்டிசம் பற்றிப் படிக்கும் எவருக்கும் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற வியன்னா குழந்தை மருத்துவரின் பெயர் தெரியும். அவரும் சில பிள்ளைகளை அங்கே அனுப்பினார் என்பது 2018இல் வெளிவந்த ஆய்வில் ஆவணங்களோடு தெரியவந்தது. அதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

இப்போது ஷெர்லியிடம் வருகிறேன். 1963இல் அவருக்கு ஜைல்ஸ் பிறந்தான், ஒரே பிள்ளை. இரண்டரை வயது வாக்கில், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தான். கடுமையான ஆட்டிசம், பிறகு வலிப்பும். 1998இல் 35 வயதில் போய்விட்டான். மகனுக்காகத் தேடியபோது நல்ல இல்லம் கிடைக்காததால் தாமே அமைப்பு ஒன்றைத் தொடங்கினார், முதல் குடியிருப்பாளன் ஜைல்ஸ். பிறகு பெர்க்‌ஷயரில் பிரையர்ஸ் கோர்ட் என்று ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. அப்புறம் ஆட்டிசம் ஆராய்ச்சிக்கு ஆட்டிஸ்டிகா என்ற அமைப்பு. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

தேர்வு செய்து ஏற்றிய ரயிலில் வந்தவர், தேர்வில் விழுந்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்காகப் பள்ளி கட்டினார். அவர் இப்படி நினைத்துச் செய்தாரா என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு இப்படித்தான் தெரிகிறது.

#13 கோட்_எழுதுபவள்

நீலவானம் அக்கா, இதைப் படித்த பிறகு என் பதிவில் பாதி வெறும் தொழில் கதையாகத் தெரிகிறது. ஆட்டிஸ்டிகாவைப் பற்றி இன்று முழுவதும் படிக்கப்போகிறேன்.

#14 தேனி_செல்வம்

தாமிரபரணி, உங்கள் #8ஐ யோசித்துப் பார்த்தேன். வீட்டுவேலைக்கு 20,000 பேரை விட்ட விவரம் எனக்குப் புதிது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பெற்றோரோடு சேர்த்துத்தான் விட வேண்டும் என்று அன்று நல அமைப்புகள் பிடிவாதம் பிடித்திருந்தால் ஒருவரையும் விட்டிருக்க மாட்டார்கள். அப்போது யூதத் தலைவர்கள் செய்தது சரியா தப்பா?

#15 தாமிரபரணி

அவர்கள் செய்தது சரி. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டிருப்பேன். கேட்டவர்கள் மேல் குற்றமே இல்லை, அளந்து கொடுத்தவர்களிடம்தான் என் கேள்வி.

இதை இன்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆல்ஃப் டப்ஸ் என்று பிரிட்டிஷ் மேலவை உறுப்பினர் ஒருவர். 1939இல் ஆறு வயதில் பிராகிலிருந்து விண்டனின் ரயிலில் வந்தவர். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை இரண்டு நாளும் பிரிக்கவே இல்லையாம். அவர் அப்பா முன்னமே தப்பி லண்டன் வந்திருந்தார், அம்மா போருக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தார். அத்தனை பேரில் அப்படி வாய்த்தவர்கள் சொற்பம்.

2016இல், ஐரோப்பாவில் தனியாகத் தவிக்கும் அகதிக் குழந்தைகளை பிரிட்டன் எடுக்க வேண்டும் என்று குடியேற்றச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். அவர் முதலில் கேட்டது 3,000 பேருக்கு. அரசு 480 என்று நிறுத்திக்கொண்டது. குழந்தைகளே ஆனாலும், பெற்றோர் கூட வராவிட்டாலும், எண்ணித்தான் தருவார்கள் என்றாகிவிட்டது.

#16 தேனி_செல்வம்

480ஆ? 1938ஐப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாடு அது. சரி, அரசாங்கத்தைக் கேட்பது பற்றி இனி உங்களோடு எனக்கு வாதம் இல்லை. வாங்கிக்கொண்ட சாதாரணக் குடும்பங்களைப் பற்றி யாராவது தனியாக எழுதினால் படிப்பேன்.

#17 பழையபேட்டை_ராமன்

நான் எழுதுகிறேன், செல்வம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எல்லா வீடும் ஸ்மித் வீடு அல்ல. சில வீடுகளில் பிள்ளைகளைச் சம்பளம் இல்லாத வேலைக்காரர்களாக வைத்துக்கொண்டார்கள். பல பிள்ளைகள் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்து யூத வழக்கங்களை மறந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

மல்லிகா அம்மாவுக்கு இன்னொரு தகவல். 1938 டிசம்பரில் ஓடிய முதல் ரயிலின் 80ஆம் ஆண்டு நிறைவு 2018இல் வந்தபோது, உயிரோடு இருப்பவர்களுக்குத் தலைக்கு 2,500 யூரோ தருவதாக ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது. ரயிலில் வந்த கைக்குழந்தைக்கே அப்போது எண்பது வயது.

#18 மல்லிகா_திருச்சி

பணத்தை வாங்கிக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. அனுப்பிவைத்த அம்மாக்களின் பெயர்கள் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா ஐயா? உங்கள் அடுத்த இழையில் அதையும் எழுதுங்கள்.